மலை தெரியாத ஏழு இடங்கள்

திருவண்ணாமலையில் நின்றால் மலை தெரியாத இடம் மொத்தம் ஏழு. எண்ணியது நான் இல்லை, போர்டு எழுதும் தியாகேசன். எண்ணி முடிக்க அவருக்கு மூன்று வருஷம் பிடித்தது. வேறு வேலை இல்லாமல் எண்ணினாரா என்று கேட்காதீர்கள். அந்த ஏழு இடங்களும் அவருக்கு எவ்வளவு அவசரத் தேவையாக இருந்தன என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐம்பதுகளில் எங்கள் ஊரில் புதுக்கடை திறக்கிறவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு தியாகேசனைத் தேடுவார்கள். ஒல்லியான ஆள். காதில் பென்சில் செருகியிருப்பார். வேட்டியில் எல்லா வர்ணமும் இருக்கும். அந்த வேட்டியைப் பார்த்தே அந்த மாதம் எத்தனை கடை திறந்தது என்று சொல்லிவிடலாம். தேரடித் தெருக் காபி கிளப்பின் சுவரில் அவர் ஒரு மெதுவடை வரைந்தார். காக்கை ஒன்று அதைக் கொத்தி அலகு மழுங்கிப் போனது. குடைக்கடைக்கு ஒரு பச்சைக்கிளி வரைந்தார். கோயிலின் கிளி கோபுரத்திலிருந்து இரண்டு கிளிகள் வந்து அதைப் பெண் பார்த்துவிட்டுப் போயின. காக்கையை நான் கண்ணால் பார்த்தேன். கிளி விஷயம் கேள்விதான்.

ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு ஒரு தொல்லை ஆரம்பித்தது. போக வேண்டும் போலிருக்கும், போய் நின்றால் வராது. வந்தாலும் நூல் மாதிரி வரும். முடிந்தது என்று திரும்பினால் முடிந்திருக்காது. ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிடும். இந்த விஷயத்தை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் இது எதனால் வந்தது என்று தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார்.

இருபத்தெட்டு வயதில் கிரிவலப் பாதை ஓரம் ஒரு ஆலைச் சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தாராம். உச்சி வெயில். சாரத்திலிருந்து அவசரமாக இறங்கி, முதலில் கிடைத்த புதருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். பாதியில் தலையை நிமிர்த்தினால், நேர் எதிரே அண்ணாமலை! எங்கள் ஊரில் அந்தக் காரியத்தை மலையைப் பார்த்துச் செய்யக்கூடாது. குழந்தையைக்கூடத் திருப்பித்தான் உட்கார வைப்பார்கள். பாதியில் நிறுத்தவும் முடியாமல், கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையும் ஒழியாமல் தியாகேசன் தவித்திருக்கிறார். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது தண்டனை என்பது அவருடைய முடிவு.

"இருபத்தேழு வருஷம் கழிச்சா?" என்று பிற்பாடு நான் கேட்டேன்.

"சாமிக்கு நம்மள மாதிரி எத்தினி பேருங்க டீச்சரம்மா. மொற வர வேணாமா?" என்றார்.

தண்டனை குறைய வேண்டுமென்றால் இனி ஒரு சொட்டுகூட மலை அறிய விழக்கூடாது. முகத்தைக் காட்டினால் தப்பு. முதுகைக் காட்டினால் அது வேறு அவமரியாதை. பக்கவாட்டில் நின்றால் ஓரக்கண்ணில் மலை எட்டிப் பார்க்கும். ஆகவே மலையே தெரியாத இடம் வேண்டும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியின் பின்சுவர், ரயிலடிக் கூட்ஸ் ஷெட்டின் கிழக்கு மூலை, சத்திரத்துச் சந்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். எங்கே வேலை செய்தாலும் அடக்கிக்கொண்டு, இவற்றில் ஒன்றுக்கு நடப்பார். ஈசானியக் குளத்துப் பக்கம் போர்டு எழுதினால் கூட்ஸ் ஷெட்டுக்கு நடை. அடக்க அடக்க வியாதி முற்றும் என்று அவருக்கு யார் சொல்வது? தண்ணீர் குடிப்பதையும் கம்மி பண்ணிவிட்டார்.

அவர் மனைவி உண்ணாமலை ஒரு நாள் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"டீச்சரம்மா, எங்க வூட்டுக்காரரு ஒரு நாளைக்கு எட்டு வாட்டி காணாம பூடுறாரு."

"எங்கே போறார்?"

"கேட்டா, 'தோ வந்துட்டேன்'னு கெளம்புறாரு. அர மணி நேரம் ஆவுது வர. வேற வூடு எதனா வச்சிருப்பாரோ?"

"எட்டு வாட்டி போற அளவுக்கு எவனும் வேற வீடு வச்சுக்க மாட்டான், உண்ணாமல. செருப்பு தேஞ்சிடும். பின்னாடியே போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். மறுநாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்தாள். மண்டியின் பின்சுவர்ப் பக்கம் திரும்பி அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாராம். ஐந்தடி தள்ளி, ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சம்மணம் போட்டு, அவரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாராம். இந்த மனிதர் தினமும் இதே இடத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறாரே, இங்கே ஏதோ இருக்கிறது என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

"வேற வூடு இல்ல டீச்சரம்மா," என்று உண்ணாமலை விம்மினாள். "சாமியாரா பூட்டாரு போலக்குது. வேற வூடா இருந்தாலாவது சண்ட போட்டு இட்டாந்திருப்பேன்."

இது நடந்த 1958இல்தான் டாக்டர் உமாமகேஸ்வரன் சென்னையில் படித்துவிட்டு வந்து திருவூடல் தெருவில் கிளினிக் திறந்தார். நீர்த்தாரை வியாதிகளில் கெட்டிக்காரர். ஆனால் வருகிற ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் தலைவலியாகவே இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த இருசப்பன் என்ற குடியானவரைப் பற்றிக் கம்பவுண்டர் சகாதேவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"சொல்லுங்க, இன்னா பண்ணுது?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"தலவலிங்க."

"எத்தினி நாளா?"

"ராவுல நாலு வாட்டி ஏந்திரிக்கிறேங்க."

"தலைவலியிலயா?"

"ஆமாங்க. ஏந்திரிச்சி, வெளிய போயிட்டு, வந்து படுத்துக்குறேன்."

"வலி எங்கேன்னு சரியாச் சொல்லுங்க."

இருசப்பன் கூரையைப் பார்த்தார். "இடுப்புக்குக் கீழ. முட்டிக்கு மேலங்க."

"அது ஒரு ஜில்லாவாச்சேய்யா! தாலுகா எது?"

சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. இருசப்பன் அதைப் பார்த்தார், சகாதேவனைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த வாட்டி சொல்றேங்க" என்று தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே டாக்டர் தியாகேசனுக்கு ஆள் அனுப்பினார். ஆறடி உயரத் தகரப் பலகையில் ஒரு ஆண்பிள்ளையை வரைய வேண்டும். உள்ளே இருக்கும் உறுப்பெல்லாம் தெரிய வேண்டும். பெயர்கள் தமிழில். வாய் திறந்து சொல்ல வெட்கப்படுகிறவன் குச்சியால் தொட்டுக் காட்டட்டும். பார்த்து வரைய ஒரு கனத்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து வைத்தார்.

"முழுசாவா டாக்டரய்யா?" என்றார் தியாகேசன்.

"முழுசா."

"வேட்டி?"

"கிடையாது."

"கோமணமாவது?"

"அதுக்குள்ளதானேய்யா விஷயமே இருக்கு!"

புத்தகத்துப் படத்தில் இருந்தவனுக்குத் தலையே இல்லை. தலையில்லாதவனை வரையத் தியாகேசன் ஒப்பவில்லை. நல்ல முறுக்கு மீசை, காதில் கடுக்கன், நெற்றியில் பட்டை விபூதி, எது நடந்தாலும் கலங்காத ஒரு புன்சிரிப்பு எல்லாம் வைத்தார். வேட்டி விஷயத்தில் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். இடப்பாதிக்கு ஜரிகை வேட்டி, வலப்பாதி திறந்த மேனி. பாதிக்குப் பாதி என்பது எங்கள் ஊர் சாமிக்கே வழக்கம்தானே. ஆனால் நட்ட நடுவில் இருப்பவை எந்தப் பாதியைச் சேர்ந்தவை என்று அவருக்கும் டாக்டருக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. டாக்டர் ஜெயித்தார். வேட்டி இரண்டு அங்குலம் ஒதுங்கியது.

அடுத்த சங்கடம் பெயர்கள். டாக்டருக்கு இங்கிலீஷில்தான் தெரியும். சகாதேவனுக்குத் தமிழில் தெரிந்ததையெல்லாம் சுவரில் எழுத முடியாது. கடைசியில் தியாகேசன் பென்சிலும் துண்டுக் காகிதமுமாக என் வீட்டுக்கு வந்தார். நான் கல்லூரியில் உடலியல் படித்தவள் என்பது ஊருக்கே தெரியும். தவளையை அறுத்தவள் என்று என் மாமியாரே நாலு பேரிடம் சொல்லியிருந்தாள்.

"உட்காருங்க," என்றேன். "மேலேருந்து ஆரம்பிப்போம். முதுகுப் பக்கம் அவரைக்கொட்டை மாதிரி ரெண்டு இருக்கே, அது சிறுநீரகம். ரத்தத்தை வடிகட்டறது அதோட வேலை. அங்கிருந்து இறங்கற ரெண்டு குழாய் சிறுநீர்க்குழாய். வந்து சேர்ற இடம் சிறுநீர்ப்பை. கீழே தனியாப் பையில தொங்கற ரெண்டும் விரை..."

"மெதுவா, டீச்சரம்மா!" தியாகேசன் வாசலைப் பார்த்தார். "உங்க வூட்டுக்காரரு பூஜையில இருக்காரு."

"அவருக்கும் இதெல்லாம் இருக்கு. எழுதுங்க. விரையிலேருந்து மேலே போறது விந்துக்குழல்."

உள்ளே சட்டென்று மணி பலமாக அடித்தது. என் கணவர் சாம்பமூர்த்தி குருக்கள், எந்தச் சத்தத்தை எந்தச் சத்தத்தால் மூடலாம் என்று நன்றாகத் தெரிந்தவர்.

தியாகேசன் காது சிவக்க எழுதினார். பிறகு சிறுநீர்ப்பையின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்ன உருண்டையைத் தொட்டார். "இது இன்னாங்க?"

"அது புராஸ்டேட் சுரப்பி. புத்தகத்துக்கு ஒரு பேரா தமிழ்ல நாலு பேர் வச்சிருக்காங்க, எதுவும் வாயில நுழையாது. புராஸ்டேட்னே எழுதுங்க. விந்தோட சேர்ற ஒரு நீரைச் சுரக்கும். கொட்டைப்பாக்கு அளவுதான். ஆனா இருக்கிற இடத்தைப் பாருங்க. பையிலேருந்து வெளியே போற வழி இதோட நடுவுலதான் போகுது. வயசானா இது வீங்கும். வீங்கினா வழி நெருக்குப்படும். போகணும் போல இருக்கும், போனா வராது. நூல் மாதிரி வரும். முடிஞ்சா மாதிரி முடியாது."

பென்சில் நின்றுவிட்டது.

"இது... யாருக்கு வருங்க?"

"அம்பது தாண்டின ஆம்பளைங்க நிறையப் பேருக்கு."

"மந்திரிக்கு?"

"வரும்."

"குருக்களுக்கு?"

"மணி அடிக்கிறவருக்கும் வரும்."

"இந்தப் புஸ்தகம் எழுதுன வெள்ளக்காரன் ஊர்லயும் வருதுங்களா?"

"அங்கே வந்ததைப் பார்த்துத்தானே எழுதியிருக்கான்."

தியாகேசன் காகிதத்தை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார். "அவன் ஊர்ல அண்ணாமலை இல்லீங்களே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அப்போது எனக்கு அது புரியவில்லை. வர்ணம் குழைக்கிறவர்களுக்கு டர்பண்டைன் வாசனை தலைக்கு ஏறும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளைக்காரன் ஊர்க் கணக்கு அவரைப் பாதிதான் தேற்றியது. மலையில்லாத ஊரில் அவனவன் வேறு எதையாவது பார்த்துச் செய்திருப்பான் என்று மீதிப் பாதி மனம் சொன்னதாம். ஆகவே டாக்டரின் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்று படம் வரைந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. நடை மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத தூறல். மூன்றாம் நாள் காலையில் மேகம் இறங்கி வந்து மலையை அடிவாரம் வரை போர்த்திவிட்டது. எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பஞ்சு. அந்தக் குளிரில் தியாகேசனுக்கு விடிந்ததிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. கிளினிக்குக்கு வந்தவர் தூரிகையை வைத்துவிட்டு வெளியே ஓடினார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். மலை இல்லை! தெற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார், எங்கேயும் இல்லை. மூன்று வருஷமாக ஏழு இடம் தேடி நடந்த மனிதருக்கு ஊர் முழுக்க எட்டாவது இடமாக விரிந்து கிடந்தது. மண்டிக்கு நடக்க வேண்டாம், கூட்ஸ் ஷெட்டுக்கு நடக்க வேண்டாம். கிளினிக்கின் கொல்லையிலேயே நிம்மதியாக நின்றார்.

கால் மணி நேரம் நின்றார். தூறல் தலையில் விழுந்து மூக்கு வழியே சொட்டியது. சொட்டியது அது ஒன்றுதான்.

மலை பார்க்கவில்லை, அப்படியும் வரவில்லை. அப்படியானால் இதில் மலைக்கு வேலை இல்லை. இந்த விஷயம் மழையில் நின்றபடி அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார், முக்காலியில் ஏறினார், ரோஸ் வர்ணத்தைத் தொட்டு அந்தச் சின்ன உருண்டையைப் பெரிதாக்க ஆரம்பித்தார். பாக்கு எலுமிச்சையாயிற்று. எலுமிச்சை மாதுளையாயிற்று.

டாக்டர் உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். "யோவ், கொட்டைப்பாக்கு அளவுதானே போடச் சொன்னேன்? இது இன்னாய்யா மாதுளம்பழம்?"

"ஊருக்குப் போட்டது கொட்டப்பாக்குதாங்க," என்றார் தியாகேசன். நெற்றியெல்லாம் வேர்வை. "இது என்னுதுங்க."

டாக்டர் உடனே அவரை மேஜைமேல் படுக்க வைத்து அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தார். மிருதங்கம் மாதிரி இருந்ததாம். சகாதேவன் ரப்பர் குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்து வந்தான். குழாய் உள்ளே போய், நீர் இறங்க ஆரம்பித்ததும் தியாகேசன் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த மருந்துச்சீட்டெல்லாம் பறந்தன. எவ்வளவு வந்தது என்று கேட்டால் சகாதேவன் ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு சொல்வான். ஜாடியை இரண்டு முறை மாற்றியது மட்டும் நிஜம். ஈசானியக் குளத்தில் மட்டம் ஏறியது என்பது நான் சேர்த்தது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் மேகம் கிழிந்தது. கருநீலமாக மலை எட்டிப் பார்த்தது.

"டாக்டரய்யா! மலை தெரியுதுங்க!" தியாகேசன் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அசையாதய்யா! தெரிஞ்சா தெரியட்டும்!"

"ஐயோ, ஜன்னலச் சாத்துங்க!"

"நீ பண்ணலைய்யா, நான்தான் பண்றேன். பாவம் எனக்கு வரட்டும். பேசாம படு!"

தியாகேசன் அடங்கினார். குழாய் வழியாக அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்க, இந்த முறை இரண்டு கையும் ஒழிந்திருந்ததால், படுத்தபடியே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. அன்று அவருக்கு எல்லா வழியும் திறந்துகொண்டது.

சேதி கேட்டு உண்ணாமலை என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் எங்களிடம் நிதானமாகச் சொன்னார். இதற்கு இங்கிலீஷில் ரிடென்ஷன், தமிழில் நீர்க்கட்டு. புராஸ்டேட் பெருத்து வழியை அடைத்திருக்கிறது. விரல் வைத்துப் பார்த்ததில் புற்று மாதிரி தெரியவில்லை, சாதாரண வீக்கம்தான். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம்.

உண்ணாமலைக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "அப்ப, இவரு சாமியாராவலியா?"

"இல்லம்மா. வெறும் நீர்க்கட்டு."

"அப்பாடா!" என்று தரையில் உட்கார்ந்தாள். ஆனால் எடுத்துவிடலாம் என்ற சொல் அப்போதுதான் அவள் காதில் இறங்கியிருக்க வேண்டும். தியாகேசன் முகமும் வெளுத்தது. அவருக்குக் கேட்க வேண்டிய கேள்வி இருந்தது, வாய் வரவில்லை. கூரையைப் பார்த்தார், இருசப்பன் மாதிரி. அவளோ எழுந்து போய், புதிதாகச் செதுக்கி மூலையில் சாத்தியிருந்த குச்சியை எடுத்தாள். அந்தக் குச்சியை முதன்முதலாகத் தொட்டவள் அவள்தான்.

"எத எடுப்பாங்க டாக்டரய்யா? இதயா?" மாதுளம்பழத்தில் ஒரு தட்டு. "அதயா?" கீழே ஒரு தட்டு. சகாதேவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மேலே இருக்கறதுல வீங்கின பாகத்தைத்தாம்மா. கீழே இருக்கற விரை பக்கம் யாரும் போக மாட்டாங்க. அது வேற, இது வேற."

தியாகேசன் படுத்தபடியே தலையைத் திருப்பித் தன் படத்தைப் பார்த்தார். "வேற வேறதான் உண்ணாமல," என்றார். குரல் தெளிந்திருந்தது. "நான்தான வரைஞ்சேன். கலரே வேற. அது மஞ்சள், இது ரோஸ்."

"அப்ப சரி, போய்ட்டு வாங்க," என்றாள் உண்ணாமலை.

சென்னையில் ஒன்றரை மாதம். தை பிறந்து ரயிலில் வந்து இறங்கினார். முகத்தில் சதை பிடித்திருந்தது. இறங்கியதும் கூட்ஸ் ஷெட் மூலைக்கு ஒரு தரம் போய்விட்டு உடனே வந்தாராம். உண்ணாமலை பெட்டியைக் கீழே வைப்பதற்குள் வந்துவிட்டார் என்று அவளே சொன்னாள். பயம் போனபிறகும் மலையைப் பார்த்து நிற்பதில்லை. "அது மரியாதைங்க," என்பார். மண்டிச் சுவரடியில் வெள்ளைக்காரர் நாற்பது நாள் தனியாகவே உட்கார்ந்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு என்ன கிடைத்ததோ, தெரியவில்லை.

மறுநாளே தியாகேசன் கிளினிக்கில் முக்காலி போட்டு ஏறினார். தன்னுடையது இப்போது அந்த அளவில் இல்லை, படத்தில் மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்று மாதுளம்பழத்தைச் சுரண்டி, மறுபடி கொட்டைப்பாக்கு அளவில் வரைந்தார். சுரண்டியும் பழைய ரோஸ் முழுக்கப் போகவில்லை. பாக்கைச் சுற்றி ஒரு மங்கலான வட்டம் நின்றுவிட்டது. அவர் அதையும் அழிக்கப் போனபோது டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும்யா. உள்ளே இருக்கறது இருக்க வேண்டிய அளவு. வெளியே இருக்கறது வீங்கின அளவு. இனிமே நான் வாயால சொல்ல வேண்டியதே இல்ல." தியாகேசன் இரண்டு வட்டத்துக்கும் பக்கத்தில் அதையே எழுதியும் வைத்தார்.

அன்றைக்கே இருசப்பன் வந்தார், அதே தலைவலியோடு. டாக்டர் குச்சியைக் கையில் கொடுத்தார். இருசப்பன் படத்து மீசைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். விபூதிப் பட்டையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு குச்சி மெல்ல நகர்ந்தது. நெற்றியில் தொடங்கி, மார்பைக் கடந்து, சிறுநீரகத்தில் இளைப்பாறி, சிறுநீர்ப்பைக்கு வந்து, அதன் கழுத்தில் போய் நின்றது.

"தாலுகா இதாங்க," என்றார். குச்சி நுனி இரண்டு வட்டத்துக்கும் நடுவில் ஆடியது. "எனக்கு உள்வட்டமா வெளிவட்டமா டாக்டரய்யா?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் முக்காலி மேலிருந்து தியாகேசன் குரல் கொடுத்தார்: "வெளிவட்டம்னாலும் பயப்படாதய்யா. நான் போய்ட்டு வந்த ஊருதான்."